எட்டாம் மாதத்துச் செவலை



நாயைப் பற்றி இங்கே எழுதுவதா என்று சில நாட்கள் தயங்கினோம். செல்லத்துக்காக வீட்டுக்குள் நாய் வளர்ப்பதற்கு ஆதரவு தேடும் எழுத்து அன்று இது. ஆடும் வயலும் வைத்துப் பிழைக்கும் முஸ்லிம் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் பல உள்ளன. காவலுக்கென்று ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவருவதும், ஓராண்டு முடியுமுன்னே அதை எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடுவதும் அவற்றில் சில வீடுகளில் நடக்கின்றன. எங்கள் வீட்டிலும் நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறோம்.

பண்டசோழநல்லூரில் எங்கள் வீட்டின் பின்புறம் ஆட்டுக் கொட்டில் இருக்கிறது. அதற்கப்பால் இரண்டு காணி நெல்வயல். அதையொட்டி அடுத்தவரின் கரும்பு. 2023 மழைக்காலத்தில் ஒரே மாதத்தில் மூன்று வெள்ளாடுகள் களவு போயின. இரவில் கரும்புக்குள் ஆள் இறங்கினால் யாருக்கும் தெரியாது. காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்ற பேச்சு அப்போது எழுந்தது. சுல்தான்பேட்டையில் ஜும்ஆ முடிந்ததும் ஹழ்ரத் அவர்களிடம் கேட்டோம். தேவையின்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலியில் நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என்ற நபிமொழியையும், கால்நடை, வேட்டை, வேளாண்மை ஆகியவற்றுக்கான நாய்க்கு அதிலேயே விலக்கு இருப்பதையும் எடுத்துச் சொன்னார்கள். கொட்டிலோடு இருக்கட்டும், வீட்டுக்குள் வேண்டாம் என்றார்கள். எழுந்து வரும்போது, "அனுமதி வாங்கிட்டீங்க. பொறுப்பையும் சேர்த்து வாங்கிட்டுப் போங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்தச் சிரிப்பின் பொருள் அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

2024 ஜனவரியில் குட்டி வந்தது. கார்த்திகையில் பிறந்த நாட்டு நாய், ஆண், செம்பழுப்பு நிறம். ஆகவே செவலை என்று பெயர் வைத்தோம். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று சாதி நாயாகப் பார்த்து வாங்கியிருக்கலாமே என்று உறவினர் பலர் குறைபட்டனர். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது, பெருமைக்குரிய நாய்தான். ஆனால் எங்களுக்கு வேண்டியது கொட்டிலின் வாயிலில் படுத்துக் குரைக்கும் ஒரு நாய். அதற்குத் தெருவில் பிறந்த குட்டியே போதும்.

தூய்மை குறித்துத்தான் வீட்டில் பேச்சு நீண்டது. நாங்கள் ஹனபி மத்ஹபைப் பின்பற்றுகிறோம். எங்களுடன் வசிக்கும் பாட்டி காரைக்காலில் பிறந்தவர், ஷாஃபி. ஹனபி சட்டத்தில் நாயின் எச்சில் அசுத்தம். உலர்ந்த உடலைத் தொட்டால் உளூவுக்கோ உடைக்கோ கேடில்லை. ஷாஃபி சட்டத்தில் நாய் முழுவதுமே அசுத்தம். ஈரத்தோடு பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றில் ஒருமுறை மண் கலந்த நீரால். எவர் சொல்வது சரி என்று வாதிடவில்லை. இரண்டில் கடினமானதையே ஏற்றுக்கொண்டோம். கொட்டிலுக்கென்று ஒரு பழைய கைலியும் சட்டையும் ஆணியில் தொங்கின. நாய்க்கு ஒரு மண்சட்டி தனியாக வைத்தோம். வாசலில் ஒரு வாளியில் சுத்தமான மண் இருந்தது. ஒரு வாரத்தில் எல்லாம் பழகிவிட்டது. ஒன்றும் பெரிய சிரமமில்லை என்பதை, தயங்குவோருக்காகக் குறித்து வைக்கிறோம்.

முதல் நான்கு மாதங்களும் எங்களைப்போல் நாய் பழக்கத் தெரிந்தவர்கள் இந்தக் கொம்யூனிலேயே இல்லை என்ற எண்ணம் எங்களுக்கு இருந்தது. "செவலை" என்றால் ஓடி வரும். "இரு" என்றால் உட்காரும். ஆட்டுக்குட்டிகளோடு ஒன்றாய்ப் படுத்துறங்கும். பதினான்கு வயது மகன்தான் அதற்கு வாத்தியார். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அட்டையும் வாங்கி வைத்தோம். அந்த அட்டை பிறகு எங்கள் மானத்தைக் காத்தது.

மே மாதக் கடைசியில் மாற்றம் தொடங்கியது. காலைத் தூக்கிச் சிறுநீர் கழிக்கத் தொடங்கியது. வேலியோரம் மோந்துகொண்டே போகும். பெயர் சொல்லி அழைத்தால் காது ஒருமுறை அசையும், தலை திரும்பாது. இன்னும் இரண்டு முறை அழைத்தால் எதிர்த்திசையில் ஓடும். ஒரு பக்கத்துச் செருப்பு மட்டும் காணாமல் போகும். வரப்பில் மயிலைக் கண்டால் துரத்திக்கொண்டு கரும்புக்குள் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பும். திரும்பி வந்ததும் அடித்தோம். குற்றம் செய்ததற்கு அடி விழுகிறது என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். வந்ததற்கு அடி விழுகிறது என்றுதான் அது புரிந்துகொண்டிருக்கும். அதன் கணக்கில் கடைசியாக நடந்த காரியம் அதுதானே.

அடுத்துச் சங்கிலி வந்தது. பகல் முழுவதும் நான்கு அடிச் சங்கிலியில் கட்டி வைத்தோம். இரவில் அவிழ்த்துவிட்டதும் அது நாயாக இல்லை; வில்லிலிருந்து விட்ட அம்பாக இருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாட்கள் இருக்கையில் அது நிகழ்ந்தது. சுல்தான்பேட்டை மைத்துனர் குடும்பத்தின் குர்பானிக்கென்று ஒரு கிடாவை ஆண்டு முழுவதும் வளர்த்து வந்தோம். மாலையில் செவலையை அவிழ்த்ததும் ஆடுகள் மிரண்டு ஓடின. ஓடுவதைக் கண்டதும் அதற்கு விளையாட்டு. கிடாவை வேலியோரம் மடக்கிக் காதைக் கவ்வியது. நாங்கள் கத்தினோம், நாங்களும் சேர்ந்து வேட்டையாடுவதாக அது எண்ணியிருக்கக் கூடும். விட்டபோது கிடாவின் காது நுனி அறுந்து இரத்தம் சொட்டியது.

ஹனபி சட்டப்படி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காது அற்றுப்போயிருந்தால்தான் குர்பானிக்கு ஆகாது. இங்கே போனது நுனி மட்டுமே. ஷாஃபியில் ஒரு துண்டு போனாலும் கூடாது என்று பாட்டி சொன்னார். மைத்துனர் ஹனபிதான், "பரவாயில்ல மச்சான், நிறைவேறிடும்" என்றார். ஆனால் நாய் கடித்த ஆட்டை இன்னொரு வீட்டுப் பெருநாளுக்குக் கொடுப்பதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை. வேறொரு கிடாவைக் கொடுத்து அனுப்பினோம்.

குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கிடாவையும் நாயையும் கொண்டு சென்றோம். மருத்துவர் முதலில் கேட்டது தடுப்பூசி அட்டையை. கிடாவின் காயத்தைக் கழுவித் தடுப்பூசி போட்டார். நாயைப் பத்து நாட்கள் கண்காணிக்கச் சொன்னார். வெறிநோய் பரப்பும் நிலையில் உள்ள நாய் அதற்குள் நோய்க்குறி காட்டிவிடும் என்பது கணக்கு. கடிபட்டது பிள்ளைகளில் ஒருவராக இருந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். மஞ்சள் தூள் வைப்போம் என்றோம். அவர் முகம் மாறியது. சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், வேறெதையும் காயத்தில் தடவக் கூடாது என்றார். நம் வீடுகளில் மஞ்சள் தூள் இன்னும் முதல் மருந்தாக இருப்பதால் இதை இடையில் எழுதி வைக்கிறோம்.

பத்து நாளும் செவலை சங்கிலியில் கிடந்தது. பெருநாள் வந்தது, போனது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுது வந்தபின், அதைச் சாக்கில் போட்டு மினி வேனில் ஏற்றினோம்.

எங்கள் பகுதியில் நாயை 'எல்லை தாண்டி விடுவது' என்று ஒரு பேச்சு உண்டு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். புதுவையும் தமிழ்நாடும் இங்கே கிழிந்த துணியில் ஒட்டுப் போட்டதுபோல் கலந்து கிடக்கின்றன. ஓர் ஊர் புதுவை, அடுத்தது தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடியும் புதுவை. எல்லை தாண்டி விட்டாலும் நாய் எங்கோ ஒரு புதுவை ஊருக்கே வந்து சேரும். நாங்கள் எல்லையைப் பார்க்கவில்லை, தொலைவைப் பார்த்தோம். பாகூர் ஏரிக்கரையில் சாக்கை அவிழ்த்தோம். அது இறங்கி, மண்ணை மோந்து, எங்களைப் பார்த்தது. வேன் கிளம்பியதும் சிறிது தூரம் பின்னால் ஓடி வந்தது. மகனுக்கு நாங்கள் எதையும் சொல்லவில்லை. பள்ளிவிட்டு வந்தவன் கொட்டிலைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், கேட்கவும் இல்லை. இரவு சோறு உண்ணவில்லை.

இஷா தொழுதுவிட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானே இரை தேடிக்கொள்ள விடவும் இல்லாமல் சாகடித்த பெண் நரகம் சென்றாள் என்ற நபிமொழியை நம் பிள்ளைகளுக்கெல்லாம் மத்ரஸாவில் சொல்லிக் கொடுக்கிறோம். நாங்கள் கட்டிப்போடவில்லையே, விட்டுத்தானே வந்தோம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். பாட்டி உள்ளிருந்து குரல் கொடுத்தார்: "நாலு மாசம் சட்டியில சோறு போட்டுட்டு, இரை தேடிக்கன்னு விட்டா அது எங்க தேடும்?" நாய் தீண்டாத தூரத்தில் நின்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

பின்னாளில் ஒரு கணக்கைப் படித்தோம். கொல்கத்தாவில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் ஆய்வுக் குழு தெருநாய்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து வருகிறது. 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளை அவர்கள் தொடர்ந்து பார்த்தனர். இனப்பெருக்க வயதை எட்டும்வரை உயிரோடிருந்தவை 19 விழுக்காடு மட்டுமே. இறந்தவற்றில் பெரும்பகுதியின் முடிவில் மனிதரின் கை இருந்தது. அதாவது செவலை எட்டிய வயதை எட்டுவதே தெருவில் அரிது. அரிதாய் எட்டியதை நாங்கள் திரும்பவும் தெருவிலேயே இறக்கிவிட்டு வந்தோம்.

ஃபஜ்ர் தொழுத கையோடு மகனையும் அழைத்துக்கொண்டு ஏரிக்குப் போனோம். விட்ட இடத்துக்கு அருகிலேயே, கரையின் சரிவில் ஒரு புதரடியில் படுத்திருந்தது. ஒரு காதில் கடிகாயம். ஏரிக்கரை நாய்கள் சும்மா விடுமா? மகன் ஒரே ஒருமுறை அழைத்தான். வந்தது. வீட்டில் பத்து முறை அழைத்தாலும் வராத நாய், அன்று வயிறு மண்ணில் தேய ஊர்ந்து வந்தது.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் முன்னைவிட மோசமானது. வேனைக் கண்டால் நடுங்கியது. சாக்கை எடுத்தால் உறுமியது. ஆட்டுக்குத் தவிடு எடுக்கப் போனாலும் சாக்குதானே. மகன் கண்ணில் படாவிட்டால் ஊளையிட்டது. அவன் வந்தால் ஓடி ஒளிந்தது. நாங்கள் செய்தது ஒரு மாலைப்பொழுதில் முடிந்த காரியம். அதைச் சரிசெய்ய மாதக்கணக்கானது.

ஆடி மாதம், நாற்று விடுமுன், பக்கத்து நிலத்தில் கிடை போட ஒரு கீதாரி வந்தார். தெற்கத்திக்காரர், வயது எழுபதை ஒட்டியிருக்கும். அவருடைய இரண்டு நாய்கள் முந்நூறு ஆடுகளைச் சுற்றிச் சத்தமில்லாமல் படுத்திருந்தன. நாங்கள் செவலையை அழைத்துத் தொண்டை கம்முவதை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வரப்பில் வந்து நின்றார்.

"பாய், இது எட்டு மாசத்து நாயி. இப்ப இதுக்குக் காது மூக்குக்குள்ள போயிருச்சு. நீங்க கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேரைக் கெடுத்துட்டீங்க. வராதுன்னு தெரிஞ்சா கூப்பிடவே கூடாது."

இதையே கால்நடை மருத்துவர் வேறு சொற்களில் சொன்னார். ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடையில் நாய்க்குப் பருவம் வருகிறது. உடலில் சுரப்புகள் மாறுகின்றன; வாசனைகள் திடீரென்று பொருள் பெறுகின்றன; குட்டியாய் இருந்தபோது அஞ்சாதவற்றுக்கு இப்போது அஞ்சும். உடல் வளர்ந்துவிடும், அடக்கிக்கொள்ளும் ஆற்றல் பின்தங்கியே வரும். மனம் முதிர ஒன்றரை ஆண்டு, சிலவற்றுக்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகும். நாம் அதைத் திமிர் என்று எண்ணுகிறோம். பழக்கிய அனைத்தும் வீணானது என்றும் எண்ணிக் கைவிடுகிறோம். "மறக்கவில்லை, இப்போதைக்கு அதன் கைக்கு எட்டவில்லை. அவ்வளவுதான்" என்றார் மருத்துவர்.

கல்லூரியில் படிக்கும் மகள் இதைப் பற்றித் தேடிப் படித்தாள். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷரும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை ஒரு மாலை எங்களுக்கு விளக்கினாள். வழிகாட்டி நாய்களாகப் பழக்கப்படும் குட்டிகளை ஐந்தாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் சோதித்திருக்கிறார்கள். எட்டாம் மாதத்தில் 'உட்கார்' என்ற கட்டளையை அவை வளர்ப்பவரிடம் மட்டும் மீறின. முன்பின் அறியாதவர் சொன்னபோது முன்பைவிட நன்றாகவே கேட்டன! ஓராண்டு நிறையும்போது வளர்ப்பவரிடமும் அந்தப் பிணக்கு தணிந்தது. வளர்ப்பவரைப் பிரியவே அஞ்சும், பிணைப்பில் உறுதியற்ற நாய்களிடம் இந்தப் பிணக்கு மிகுதியாய் இருந்தது என்றும் கண்டிருக்கிறார்கள். ஏரிக்கரை எங்கள் நினைவுக்கு வந்தது. எவரும் பேசவில்லை.

'வளர்ப்பவரிடம் மட்டும்' என்ற இடத்தில் அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. ஹழ்ரத் ஒரு சொல் சொன்னால் எழுந்து நிற்கும் பிள்ளை. வீட்டில் ஃபஜ்ருக்கு எழுப்ப நான்கு முறை கதவைத் தட்ட வேண்டும். பிள்ளையை நாயோடு ஒப்பிடுவது அழகன்று. ஆகவே இதற்கு மேல் எழுதவில்லை. அன்றிலிருந்து கதவை ஒருமுறை மட்டும் தட்டுவது என்று முடிவு செய்தோம் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

அல்மாயிதா அத்தியாயத்தின் நான்காவது வசனத்தை நாம் பலமுறை ஓதியிருப்போம். பழக்கிய வேட்டை விலங்குகள் பிடித்துத் தருவது நமக்கு ஆகுமாக்கப்பட்டது அதில்தான் வருகிறது. அல்லாஹ் உங்களுக்குக் கற்பித்ததிலிருந்து நீங்கள் அவற்றுக்குக் கற்பிக்கிறீர்கள் என்ற கருத்தும் அதிலேயே இருக்கிறது. நாய்க்குக் கற்பிப்பது அல்லாஹ் தந்த அறிவின் ஒரு பகுதி என்று இத்தனை நாளும் நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை. கல்வியின் சிறப்பைப் பேசுகையில் இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) இதைச் சுட்டுகிறார்: கல்லாத நாய் கொன்றது நமக்கு ஆகாது, கற்ற நாய் பிடித்தது ஆகும், நாய்க்குக்கூடக் கல்வியால் தகுதி கூடுகிறது என்பது அவர் கருத்து.

கற்ற நாய் எது என்பதற்குச் சட்ட அறிஞர்கள் அளவுகோலும் வைத்துள்ளனர். ஏவினால் போக வேண்டும்; தடுத்தால் நிற்க வேண்டும்; பிடித்ததைத் தின்னாமல் வைத்திருக்க வேண்டும். தின்றுவிட்டால் அது தனக்காகவே பிடித்தது என்று அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஒருமுறை தற்செயலாக நிகழ்ந்தால் போதாது. இமாம் அபூயூசுப், இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் மூன்று முறை தின்னாமல் விட்டதைக் கணக்காகக் கொண்டனர். எங்கள் நாய் வேட்டைக்குரியதன்று. ஆயினும் இரண்டாவது நிபந்தனை எங்களைப் பிடித்துக்கொண்டது. ஓடும் நாயைத் தடுத்தால் நிற்க வேண்டும். போகச் சொல்வது எளிது. எல்லா நாயும் போகும். நிறுத்துவதிலும் திரும்ப அழைப்பதிலும்தான் பழக்கம் தெரியும்.

ஆகவே அதிலிருந்து தொடங்கினோம். முதலில் சங்கிலியை எடுத்துவிட்டு, கொட்டிலின் ஒரு பக்கத்தை மூங்கில் தட்டியால் அடைத்தோம். அதற்குள் அது நடக்கலாம், உறங்கலாம். அந்த வயது நாய்க்கு உறக்கம் மிகுதியாக வேண்டும். தெருப்பிள்ளைகள் தட்டி வழியே குச்சியால் சீண்டுவதை நிறுத்துவதே எங்களுக்குப் பெரிய வேலையாயிற்று.

பிறகு கயிறு. கிணற்றில் கிடந்த பழைய தாம்புக் கயிற்றில் முப்பதடி அறுத்தோம். கழுத்தில் கட்டினால் இழுபடும்போது குரல்வளை நெரியும். ஆகவே நாடாவில் மார்புப்பட்டை ஒன்றைத் தைத்து, அதில் கயிற்றை முடிந்தோம். அஸர் தொழுத பின் களத்துமேட்டில் மகனும் செவலையும் மட்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்று கீதாரி சொல்லியிருந்தார். தரையில் இழுபட விட்டு, தேவையானால் மிதிக்க வேண்டும்.

பெயர் கெட்டுப்போயிருந்ததால் அழைப்புக்குப் புதிதாய் ஒன்று தேவைப்பட்டது. மகன் விசில் அடிக்கலாமா என்றான். மஃக்ரிப் நேரத்தில் வீட்டு வாசலில் விசில் சத்தமா என்று பாட்டி கேட்டதும் அந்த யோசனை போயிற்று. வேகவைத்து உலர்த்திய கோழி ஈரலை நகமளவு துண்டுகளாக்கி ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் போட்டான். டப்பாவைக் குலுக்கினால் ஒரு துண்டு விழும், அவ்வளவுதான் பாடம். கையால் ஊட்டுவதில்லை, எச்சில் படாதிருக்கத் தன் காலடியில் போட்டான். தூய்மைக்காகச் செய்த ஏற்பாடு பழக்கத்துக்கும் உதவியது. நாய் கையை நோக்கித் தாவாமல், அவன் காலடிக்கு வந்து நின்று நிமிர்ந்து பார்த்தது.

முதல் வாரம் ஐந்தடித் தூரத்திலிருந்து குலுக்கினான். அடுத்து பத்தடி. வந்ததும் ஈரலைத் தின்னவிட்டு, உடனே "போ" என்று திரும்பவும் மோந்து திரிய விட்டான். எங்கள் பழைய தவறு இங்கேதான் புரிந்தது. முன்பு நாங்கள் அழைத்தது எப்போதும் கட்டுவதற்காக, அல்லது திட்டுவதற்காக. வந்தால் இன்பம் முடிந்துவிடும் என்று தெரிந்தால் எந்த உயிர் வரும்? பத்து முறை அழைத்தால் ஒன்பது முறை திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டமானது. அது வேறெதிலோ மூழ்கியிருக்கையில் குலுக்குவதில்லை; மெல்லக் கயிற்றை எடுத்து, அருகே போய், அதன் கவனம் தளரும்வரை காத்திருந்தான். ஒரு நாள் கீரி போன தடத்தை மோந்துகொண்டு கால் மணி நேரம் நின்றது. அவனும் நின்றான். ஐந்து நிமிடம் சும்மா நிற்காத பிள்ளை அவன்.

ஆடுகளைத் துரத்துவதற்கு வேறு வழி பார்த்தோம். துரத்தும் ஒவ்வொரு முறையும் அதற்கு அதுவே பரிசு. ஆகவே துரத்த வாய்ப்பே தரக் கூடாது. குட்டிகளை விலக்கிவிட்டு, முட்டும் பழக்கமுள்ள இரண்டு கிழ ஆடுகளோடு மட்டும், கயிற்றோடு கொட்டிலுக்குள் விட்டோம். அவை இரண்டும் எங்களைவிட நல்ல ஆசிரியர்கள். ஆட்டைப் பார்த்துவிட்டு மகன் பக்கம் திரும்பினால் ஒரு துண்டு, படுத்தால் இரண்டு.

எல்லாம் ஒரே சீராக முன்னேறவில்லை. ஆவணியில் நன்றாக வந்த நாய் புரட்டாசியில் மீண்டும் தெருவின் பெட்டை நாய்களைத் தேடி ஓடியது. மழைக்கோட்டைக் கண்டு இரண்டு நாள் கொட்டிலைவிட்டு வெளியே வரவில்லை; இழுக்காமல், மழைக்கோட்டை வேலியில் தொங்கவிட்டு அதனடியில் சோறு வைத்தோம். ஒரு முறை எங்களில் ஒருவருக்குக் கை ஓங்கிவிட்டது. மகன் வந்து இடையில் நின்றான். "அத்தா, அடிச்சா டப்பாவும் கெட்டுப்போயிடும்" என்றான். கை இறங்கியது.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அதன்பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து பாகூர்ப் பக்கத்து ஊர்கள் மூழ்கியதை வாசகர்கள் அறிவீர்கள். எங்கள் கொட்டிலில் முழங்கால் அளவு நீர் நின்றது. இருட்டில் ஆடுகளை ஒவ்வொன்றாய்ப் பிடித்து எதிர்வீட்டின் உயர்ந்த திண்ணைக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு அம்மா விளக்கு பிடித்தார். செவலை கயிறில்லாமல் இருந்தது. தட்டி எப்போதோ அடித்துப் போயிருந்தது. வாய்க்கால் பக்கம் நீரில் ஏதோ மிதந்து போக, அதை நோக்கிக் குரைத்துக்கொண்டே பாய்ந்தது. வாய்க்கால் எது, வரப்பு எது என்று எவருக்கும் தெரியாத நேரம். மகன் டப்பாவைத் தேடினான்; டப்பா நீரில் போயிருந்தது.

"செவலை" என்று அழைத்தான். கெட்டுப்போன பெயர் என்று மாதக்கணக்காய் நாங்கள் உச்சரிக்காத பெயர்.

அது நின்றது. வாய்க்கால் பக்கம் ஒருமுறை பார்த்தது. பிறகு திரும்பி, நெஞ்சளவு நீரில் அவனிடம் வந்தது. அவன் காலடியில் போட ஒன்றுமில்லை. நனைந்த நாயை அப்படியே அள்ளித் தூக்கித் திண்ணையில் ஏற்றினான். மறுநாள் அவன் சட்டையை ஏழு முறை துவைத்தவர் பாட்டி. மண்ணுக்குப் பஞ்சமில்லை, வீடெல்லாம் சேறு.

இப்போது செவலைக்கு ஓராண்டுக்கு மேல் ஆகிறது. ஆட்டுக்குட்டிகள் அதன் முதுகில் ஏறுகின்றன. மயிலைக் கண்டால் இன்னும் ஓடத்தான் செய்கிறது. பாதி வழியில் திரும்புகிறது. போன வாரம் மேலத்தெருக்காரர் ஒருவர் வந்தார். அவருடைய நாய்க்கு எட்டு மாதமாம். சொன்ன பேச்சு கேட்பதில்லையாம். எல்லை தாண்டி விட்டுவிடலாமா என்று யோசிக்கிறாராம். மகன் உள்ளே போய்த் தாம்புக் கயிற்றை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தான். "முதல்ல சங்கிலியக் கழட்டிடுங்க மாமா, மத்தத நாளைக்கு அஸருக்கு அப்புறம் வந்து சொல்றேன்" என்றான்.